தண்ணீர் இருக்கும் சுவர்

சலவைக் கடையின் தெற்குச் சுவரைக் கேட்டு
நெரெய்தா வந்தபோது
கையில் லெட்யூஸ் கத்தியின் தழும்பு,
கடனுக்கு வாங்கிய ஏழு டப்பா பெயின்ட்.
எடுத்துக்கொள் என்றேன்.
கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கு எப்படியும்
என் எந்திரங்களின் வடிகட்டியில்தான் வந்து படிகிறது.

பத்து நாளில் வரிசைகள் முளைத்தன,
வரிசைக்கு ஒரு முதுகு.
வேலை விட்டு வந்த பெண்கள்
துணி சுழலும் நேரத்தில் வெளியே வந்து
குறை சொன்னார்கள்.
முழங்கால் இவ்வளவு மடங்காது, என்றாள் ஒப்தூலியா;
மடங்கினால் நிமிராது.
கங்காணிக்கு இத்தனை அழகான மூக்கா?
நெரெய்தா மூக்கை மாற்றினாள்.

க்ரிசாந்தா நெடுநேரம் பார்த்திருந்து
கடைசியில் கேட்டாள்:
தண்ணீர் ஏன் இவ்வளவு பக்கத்தில்?

சுவரோரம் மஞ்சள் பீப்பாய், குழாய்,
அடுக்கிய காகிதக் குவளைகள்.
நெரெய்தா சுரண்டி எடுத்தாள்.
எவ்வளவு தூரம்?
நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.
எண்ணியிருந்தாள்,
ஜூலையில், அபுந்தியோ விழுந்த மறுநாள்.

சனிக்கிழமை எல்லோருமாய் நடந்தோம்.
சுவரில் முதுகை ஒட்டி நின்று அவள் தொடங்க
பின்னால் நாங்கள்,
துணிக்கூடையோடு, பிள்ளைகளோடு.
இருநூற்று அறுபதில் நின்றாள்.
டயர்க் கடைக்கு முன்னால், வெறும் தார்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டான்.
பிறகு இருநூற்று அறுபத்தொன்று.

முடிந்த இடம்
நகராட்சிக் கிடங்கின் பின்சுவர்.
அங்கேதான் பீப்பாயை எழுதினாள்
இரவோடு இரவாக,
குழாய் நுனியில் விழாத ஒரு சொட்டோடு.

வெளியூர்க்காரர்கள் வந்தால் கேட்பார்கள்,
இந்தப் பெண்கள் ஏன்
ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று.
நடந்து போய்ப் பாருங்கள் என்பேன்.
நண்பகலில்தான் அனுப்புவேன், வேண்டுமென்றே.
சிலர் டயர்க் கடை வரை போய்த் திரும்பி வந்து
என்னிடமே தண்ணீர் கேட்பார்கள்.
கொடுப்பேன். நான் கம்பெனி இல்லையே.

அக்டோபரில் கடிதம் வந்தது:
ஒரு படத்துக்கு ஒரு சுவருக்குத்தான் அனுமதி.
இரண்டு ஆள், ஓர் ஏணி, அரை மணி நேரம்.
பீப்பாய் இருந்த இடத்தில்
பழுப்பு வெள்ளை.

நெரெய்தா அழுதாள்,
பெயின்ட் காய்ந்த சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தபடி.
கூட்டம் போடுவோம் என்றார்கள், மனு என்றார்கள்,
வக்கீல் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள்.
க்ரிசாந்தா ஈரத்துணியை உலர்த்தியில் திணித்து
காசு போட்டு
வெளியே வந்தாள்.
சுவரிலிருந்த தன் முகத்தைப் பார்த்தாள்.
அது பார்க்கும் திசையில் தானும் பார்த்தாள்.

இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது, என்றாள்.
அவ்வளவு தூரம் போனாலும்
பாதி நாள் அங்கே ஒன்றும் இருக்காது.