முட்டு

சபாநாயகர் நாற்காலிக்கு அந்தப்பக்கம்,
அமைச்சர்களின் முதுகுக்குப் பின்னால்
மரத்தடுப்பு வைத்த ஒரு பெட்டி.
அதற்குள் நாங்கள்:
இரண்டு அதிகாரிகள், ஒரு தடித்த கோப்பு.
வாய் திறக்க அனுமதி இல்லை.

கேள்வி எந்தத் திசையிலிருந்து வரும் என்று
மோப்பம் பிடித்து
பச்சை, மஞ்சள், ஊதா ஒட்டுகளின் கீழ்
பதில் அடுக்கி வைப்பது என் வேலை.
பதினோரு வருடம்.
நன்றாகவே செய்கிறேன்.
'கவனத்தில் கொண்டிருக்கிறோம்' என்பதற்கும்
'கவனமாகப் பரிசீலிக்கிறோம்' என்பதற்கும் நடுவே
எத்தனை லட்சம் பவுண் படுத்துறங்கும்
என்பது எனக்குத் தெரியும்.

தோற்கிற பக்கத்துக்கு வாய்வலிக்கப் பேசுகிறவனை
முட்டுக் கொடுக்கிறான் என்போம் தமிழில்.
வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது.
நல்லதுதான்.

இன்றைக்கு நாளின் கடைசி அரைமணி.
பச்சைத் தோல் இருக்கைகளில் ஏழு பேர்,
அதில் ஒருவர் தூக்கம்.
ஜில் தாக்ரே எழுந்தார்.
வடகடல் ஓரத்தில், ரயில் போய் நின்றுவிடுகிற
ஓர் ஊரின் உறுப்பினர். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
கையில் காகிதம் இல்லை.
காகிதம் இல்லாமல் எழுபவர்களைக் கண்டால்
எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

"எங்கள் மருத்துவமனைக் கூரையை
எத்தனை இரும்பு முட்டுகள் தாங்குகின்றன?"

மஞ்சள் ஒட்டு. முந்நூற்று எண்பத்தாறு.
அமைச்சர் வாசித்தார்,
நோயாளிகளின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று
நான் ஒட்டவைத்த வாலையும் விடாமல்.

"பிரசவ வார்டில்?"

அறுபத்திரண்டு.

"தெரியும். எண்ணிப் பார்த்தேன்.
டிசம்பரில் தாதிகள் அவற்றுக்கு ஜரிகைத்தாள் சுற்றுகிறார்கள்.
ஏழு டிசம்பர்.
அந்த முட்டுகள் வாங்கியவையா, வாடகைக்கா?"

பச்சையில் இல்லை. ஊதாவில் இல்லை.
அமைச்சரின் இடது கை
முதுகுக்குப் பின்னால் வந்து
காற்றில் விரல் அசைத்தது.

எனக்குப் பதில் தெரியும்.
ஒப்பந்தத்தை நான் படித்திருக்கிறேன்.
கூட்டுவதும் பெருக்குவதும் மட்டும்
இன்னும் எனக்குத் தமிழில்தான் வரும்:
முந்நூற்று எண்பத்தாறு, தலைக்கு வாரம் பதினான்கு பவுண்,
ஐம்பத்திரண்டு வாரம், ஏழு வருடம்.
இருபது லட்சத்துக்கு ஒரு கைப்பிடி குறைவு.
புதுக் கூரைக்கு அன்று கேட்டது பதினெட்டு லட்சம்.
பணமில்லை என்று எழுதியவளும் நான்தான்.

துண்டுச் சீட்டில் எண்ணை மட்டும் எழுதினேன்.
வால் இல்லை.
கைமாறிக் கைமாறிப் போயிற்று.
அமைச்சர் பார்த்தார். மடித்தார்.
மடித்ததை மறுபடி மடித்தார்.
"மாண்புமிகு உறுப்பினருக்கு
எழுத்து மூலம் தெரிவிப்பேன்."

பிறகு நடைபாதையில்
மேலங்கியின் ஒரு கையைத் தேடிக்கொண்டு தாக்ரே.
"அந்தச் சீட்டில் இருந்தது எண்தானே?" என்றார்.
நான் சொல்லக் கூடாது.
மழை விட்டுவிட்டது போலிருக்கிறது என்றேன்.
கொட்டிக்கொண்டிருந்தது.
அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
நிறுத்தத்தில் இறங்க மறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

கடிதத்தை யார் எழுதுவார்கள்?
திங்கட்கிழமைக்குள் வரைவு வேண்டுமாம்.

அது ஐந்து மேசை ஏறும்.
ஒவ்வொரு மேசையும் ஒரு சொல்லை உருவும்,
ஒரு 'எனினும்' செருகும்.
இரவு பதினொன்றரை.
ஆறாவது தடவையாக எழுதுகிறேன்,
அந்த எண்ணை உருவினால்
கடிதம் மொத்தமும்
அவர்கள் தலையில் விழும்படி.