உதடு ஒட்டும் இடம்

எவால்ட் ராஸ்பெக் செத்துப்போனாராம்.
தொண்ணூற்றொரு வயது.
கிளிநொச்சிச் சந்தையில்
பாகற்காய்க்கு விலை கேட்டு நின்றபோது
போனில் வந்தது, தீப்பெட்டி அளவுப் படத்தோடு.
முகம் மட்டுக்கட்ட முடியவில்லை.
வாயைத் தெரிந்தது.

பதினொரு படம்.
அந்த வாயை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
உள்ளே தமிழை வைத்தவள் நான்.
உதடு ஒட்டுகிற இடத்தில்
ப வேண்டும், இல்லாவிட்டால் ம.
‘இல்லை’ என்று எழுதினால் பொருந்தாது,
‘மாட்டேன்’ என்றால் பொருந்தும்.
அப்படித்தான் வடகடற்கரை மனிதர் ஒருவர்
சும்மா தலையாட்டி மறுத்த இடத்திலெல்லாம்
வன்னியில் பிடிவாதக்காரர் ஆனார்.

குரல் நவரூபன்.
திருநகரில் ஒரு வீட்டுப் பின்னறை,
சுவர் முழுக்க முட்டைத்தட்டும் சாக்கும்.
மண்ணெண்ணெயில் இருமுகிற ஜெனரேட்டரைக்
கிடங்கு வெட்டி இறக்கியிருந்தோம்.
வண்டு மேலே சுற்றினால் பதிவு நிற்கும்.
மைக்குக்கு அதுவும் கேட்கும்.

ராஸ்பெக்கின் சீவியத்தை நாங்கள்
தலைகீழாகத்தான் பார்த்தோம்,
சீடி வந்த வரிசை அப்படி.
முதலில் கிழவர், ஆயர் அங்கியில்.
பிறகு நாலு படத்தில் தகப்பன்.
பிறகு வில்லன், வில்லன், வில்லன்,
கன்னத்துத் தழும்பை வைத்தே இருபது வருசம்.
தழும்பு மேக்கப் என்று
நவரூபன் சோடாவுக்குப் பந்தயம் கட்டித் தோற்றான்:
கப்பல் பட்டறையில் ஆணி தெறித்ததாம்,
பதினாறு வயதில்.

கடைசியாக வந்தது அவருடைய முதல் படம்.
சர்க்கஸ் கூடாரத்துக் கயிறு இழுக்கிற பெடியன்,
இருபத்திரண்டு வயது,
ஒரேயொரு வசனம்.
‘மழை வரும் போல’ என்று வைத்தேன்.
இரண்டு தரம் ஒட்டுகிறது, அளந்ததுபோல.
பதினேழு தடவை எடுத்தோம்.
கிழவராய் இருமத் தெரிந்தவனுக்கு
அந்த இளசுக் குரல் வரவேயில்லை.
அப்போது அவனுக்கு இருபத்துநாலு.

சீடிகளை ஒரு பரலில் போட்டுத் தாட்டோம்.
எந்த மரத்தடி என்பது இப்போது பிடிபடவில்லை,
மரமும் இல்லை.

விசுவமடுவில் அவனைக் கண்டேன்,
உழவு இயந்திரப் பெட்டியில்
தறப்பாள் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி.
என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.
எஞ்சின் இரைச்சல்.
வாயைப் பார்த்தேன், வேறென்ன தெரியும் எனக்கு.
இரண்டு தரம் ஒட்டியது.

‘போயிட்டு வாறன்’ இல்லை, அதில் ஒன்றுதான்.
‘அம்மாவைப் பார்’ பொருந்தும்.
‘மழை வரும் போல’ பொருந்தும்,
மாசி மாதத்து வெயிலில்.
பதினைந்து வருசத்துக்கு மேலாக
எழுதி எழுதி வைத்துப் பார்க்கிறேன்.

செய்தியில் எல்லாம் இருக்கிறது:
மூன்று கலியாணம், பக்கவாதம்,
பேசாமலே நடித்த கடைசிப் படம்,
கடலைப் பார்த்த வீடு.
கீழே பழைய நேர்காணல் ஒன்று.
அழுத்தினேன்.
மெல்லிய, மூக்கால் வருகிற குரல்.
ஆர் இந்த ஆள்,
நவரூபனின் குரலை எங்கே வைத்துவிட்டு
இதைக் கொண்டுவந்திருக்கிறார்?

சத்தத்தை நிறுத்திவிட்டு
வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கடைக்காரர் இரண்டாம் முறையும் கேட்டிருக்கிறார்,
அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று.