வருடத்துக்கு எத்தனை ஆணி

எட்மண்டனில் மைனஸ் இருபத்தெட்டு.
கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது.
துடைத்து மாட்டினால்
சுவர் முழுக்க ஆணித் துப்பாக்கிகள்,
மஞ்சள், பச்சை, சிவப்பு,
எல்லாம் மூக்கைத் தொங்கப் போட்டபடி.

தேவை பெரிதில்லை.
பேஸ்மென்ட்டில் மூன்று கதவுச் சட்டம்,
சுவரடியில் ஓடும் பலகை அறுபத்துநாலு அடி.
ஒரு சுவரைச் சுத்தியலால் முடித்திருந்தேன்.
ஆணி இறங்கிய இடம் தெரியாது,
தவறி விழுந்த அடி தெரியும்:
வெள்ளைப் பெயின்ட்டில் பிறை பிறையாக
ஒரு மாதத்துக்கான நிலா.

"யானையை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்கு இவ்வளவு யோசனையா"
என்றான் அறவாழி.
யானைக்கு இன்னும் இருபத்துமூன்று வருடத் தவணை.
அதில் பாதி என் சம்பளம்.
யோசிப்பேன்.

காற்றில் ஓடுவது மலிவு, கைக்கு லேசு.
ஆனால் அதற்கொரு கம்ப்ரசர்,
கம்ப்ரசருக்கொரு குழாய், குழாய்க்கு மூட்டு,
தினம் ரெண்டு சொட்டு எண்ணெய்.
மாப்பிள்ளை ஒருவர்தான்,
வேன் நிறைய உறவு.
அது மூச்சை நிரப்பிக்கொள்ளும் சத்தத்தில்
இரவு வேலை முடித்துத் தூங்குகிறவன்
எழுந்து உட்காருவான்.

பாட்டரியில் ஓடுவது தனியாக வரும்.
தனியாக வருவதற்கும் சேர்த்து விலை.
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால்
மூன்றாவது நிமிடம் தோள் கெஞ்சும்.

வாடகைக்கும் உண்டு.
நாளைக்கு நாற்பத்திரண்டு டாலர்,
மறுநாள் காலை ஏழுக்குள் திருப்ப வேண்டும்.
எங்கள் வீட்டில் எந்த வேலை
ஒரு நாளில் முடிந்திருக்கிறது?

பிறகு கேஜ்.
பதினைந்து, பதினாறு, பதினெட்டு.
எண் ஏற ஏற ஆணி மெலியும் என்பதை
நம்பவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கொண்டையில் பென்சில் செருகிய கெய்ட்லின்
எதையும் விற்கப் பார்க்கவில்லை.
"வருடத்துக்கு எத்தனை ஆணி அடிப்பீர்கள்?"

யாரும் என்னைக் கேட்டதில்லை இப்படி.
நின்றபடியே கணக்குப் போட்டேன்.
போன வருடம், காலண்டருக்கு ஒன்று.
அதற்கு முந்தின வருடம்
அதே ஆணியில் புதுக் காலண்டர்.
இந்த வருடம் இருநூறு.
அடுத்த வருடம்
என்று நிறுத்திவிட்டேன்.

பதினெட்டு, பாட்டரி.
கூடவே ஆணிப் பெட்டி: இரண்டாயிரம்.
அதைவிடச் சின்னப் பெட்டி கிடையாதாம்.

வீட்டுக்கு வந்து காற்றில் நீட்டி அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
பலகையில் மூக்கு அழுந்தினால்தான் சுடும்.
அழுத்தினேன். டப்.
பசுமரத்தாணி என்று பரீட்சையில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியவள் நான்.
இது பசுமரமில்லை,
மரத்தூளைப் பசை போட்டு இறுக்கிய பலகை.
ஆனாலும் அந்த டப்,
மூன்று சுவர் முழுக்க எனக்கு அலுக்கவில்லை.
பிறை ஒன்றுகூட இல்லை.

கடைசிக் கதவில்
உள்ளே எந்தத் திருகிலோ முட்டி
வளைந்து
பக்கவாட்டில் வெளியே வந்தது ஒன்று,
என் இடது கட்டைவிரலுக்கு
இரண்டு விரற்கடை தள்ளி.

பாட்டரியைக் கழற்றினேன்.
படியில் உட்கார்ந்து
பத்து விரலையும் ஒரு தரம் எண்ணினேன்.
மாடியிலிருந்து அறவாழி கேட்டான்,
"முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது."

அந்த ஆணியைப் பிடுங்கவில்லை.
தோள் உயரத்தில், ஊக்கு நீளம்,
வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி
நீட்டிக்கொண்டிருக்கிறது.
அதில்தான் ரசீதைக் குத்தி வைத்திருக்கிறேன்.
தொண்ணூறு நாளுக்குள் திருப்பித் தரலாம்.

இன்று எழுபத்தொன்று.
மேலே சமையலறையில்
ஒரு அலமாரிக் கதவு லேசாக ஆடுகிறது.
காலையில் கடந்து போகும்போது
நானும் அதை லேசாக ஆட்டிவிட்டுப் போகிறேன்.