தேதி மட்டும்

மூன்று வரைவுகள் இருக்கின்றன.
முதலாவதில் "உடல்நிலை காரணமாக."
அடித்துவிட்டார். நேற்றுத்தான்
ஏரிப் பூங்காவில் எட்டுக் கிலோமீட்டர் ஓடி
படம் போட்டிருந்தார், எல்லாரும் பார்க்க.

இரண்டாவதில் "குடும்பச் சூழல்."
"குடும்பந்தானய்யா இப்பப் பிரச்சினையே"
என்று அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
மைத்துனர் கம்பெனியின் கோப்பை
மேசைக்குக் கொண்டுபோனவன் நான்.
வலது மூலையில் என் சுருக்கொப்பம்,
பென்சிலில், எறும்பளவு.

மூன்றாவது: "நிதியத்தின் நலன் கருதி."
யாரும் நம்பாத வரி.
அதனால் அதுவே நின்றது.

ஜாலான் அம்பாங்கில் நாற்பத்தொரு கொடிகள்
நான்கு மணி மழையில் நனைந்து
எது எந்த நாடென்று தெரியாமல்
கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன.
பதினொரு நாடுகள் எழுதிவிட்டன, போகச் சொல்லி.
ஆறு, எழுதப் போவதாகச் சொல்லியிருக்கின்றன.
மற்றவை விருந்துக்கு வருகின்றன,
அவர் பக்கத்து நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு.

நீரிணை நிதியம்.
படகு கவிழ்ந்தால் வீட்டில் மிஞ்சுகிறவர்களுக்கென்று
வைத்த பணம்.
கவிழ்ந்த படகுகளின் பட்டியல் என் கணினியில்தான்;
போய்ச் சேராத பெயர்களுக்கு மஞ்சள் நிறம்.
மஞ்சள் அடித்ததும் நான்தான்.
யாரும் கேட்கவில்லை.
நான் காட்டவுமில்லை.
என் மகள் கல்லூரியில் சேர
அவர் ஒரு வரி எழுதித் தந்திருக்கிறார்.
அந்த ஒரு வரி எந்தத் தணிக்கையிலும் வராது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பலகாரக் கடை மருதையா
நாளிதழில் வடையைச் சுற்றும்போது
அவர் முகம் எண்ணெய் ஊறித் தெரிகிறது.
"நம்ம ஆளு சார். கித்தாத் தோட்டத்துப் பிள்ளை
அந்த ஒசரத்துக்குப் போனா
கண்ணு பொறுக்குமா அவனுங்களுக்கு?"
தலையாட்டினேன்.
பொய்யில்லை, பொறுக்காத கண்களும் உண்டு.
மஞ்சள் நிறமும் உண்டு.
இரண்டையும் ஒரே வாயில் எப்படி மெல்லுவது?
மருதையா சட்னி கூடுதலாக வைத்தார்,
காசு வாங்கவில்லை.

மலாய்ப் பிரதிக்காக நோராசியா வந்து நின்றாள்.
லெத்தாக் ஜவாத்தான்.
பதவியை இறக்கி வை என்கிறது அந்த மொழி,
சந்தையிலிருந்து தூக்கி வந்த பையைப் போல.
தமிழில், விலகு.
ரயிலில் கதவை அடைத்து நிற்கிறவனிடம் சொல்வது.
அரையடி நகர்வான்.
அங்கேயே நிற்பான்.

ஆறு மணிக்கு அழைத்தார்.
கையெழுத்திட்டு வைத்திருந்தார், பச்சை மையில்,
விடுப்புப் படிவங்களில் போடும் அதே வேகத்தில்.
"தேதிய நீங்களே போட்டுக்குங்க, சந்தனசாமி.
நாளைக்குக் கூட்டம் எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு."
பத்தொன்பது வருடத்தில்
முதல் தடவையாக, நீங்க.

வெளியே கதவில்
அவர் பெயர்ப்பலகையை ஒருவன் அளந்துகொண்டிருந்தான்.
யார் வரச் சொன்னது என்றேன்.
சும்மா என்றான்.
அளவு மட்டுந்தான் என்றான்.

இப்போது அறையில் நானும் தாளும்.
தேதி முத்திரையின் ரப்பர் சக்கரத்தை
நகத்தால் தள்ளுகிறேன். பழசு.
பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு
பாதி ஆறு, பாதி ஏழு.
மையில் ஒற்றி
முதலில் ஒரு வெற்றுத் தாளில்
குத்திப் பார்க்கிறேன்.