முப்பது பாகம், பதினெட்டு டன்

ஜுபைல். வெள்ளிக்கிழமை மதியம்.
ஏசி ஒரு மூச்சு விட்டு, யோசித்து,
அடுத்த மூச்சு விடுகிறது.
கீழ்க் கட்டிலில் நான்.
மடியில்,
சிராஜுலிடம் நானூறு ரியாலுக்கு வாங்கிய மடிக்கணினி.
இடப்பக்கம் ஒரு பொத்தான் இல்லை,
அந்தக் குழியைத் தீக்குச்சியால் குத்தவேண்டும்.

விளையாட்டின் விதி கறாரானது.
முப்பது பாகத்துக்கு மேல் கூடாது.
ஏவுதளம் பதினெட்டு டன்தான் தாங்கும்.
பெரிய தளம் வேண்டுமா, பணம் கட்டு.
பணம் வேண்டுமா, செயற்கைக்கோளை ஏற்று.
ஏஜென்ட் சொன்ன கணக்கும்
ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

முதல் ராக்கெட்
எட்டாவது கிலோமீட்டரில் குப்புறத் திரும்பி
என்னையே பார்த்து வந்தது.
இரண்டாவது நேராகப் போனது,
நேராக விழுந்தது.
மேலே போவதல்ல காரியம்,
பக்கவாட்டில் ஓடவேண்டும்;
விழுந்துகொண்டே இருக்கவேண்டும்,
தரை தப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

நாலாவது கிட்டத்தட்ட.
உச்சி எண்பது கிலோமீட்டர், அடி நாற்பத்தொன்று,
எரிபொருள் சுழி.
காற்று எழுபதில்தான் முடிகிறது.
பாதிச் சுற்றில் உரசி
தீக்குச்சியாகிப் போனது.

மேல்கட்டில் பென்சிகருக்குத் திங்கள் இரவு விமானம்.
முப்பது கிலோ.
கொக்கியில் மாட்டித் தூக்கும் கைத்தராசு
முப்பத்துநாலு புள்ளி இரண்டு என்கிறது.
பால்பவுடர் டப்பாவை எடுத்தான்.
போர்வையை எடுத்தான்.
போர்வையைத் திரும்ப வைத்தான்.
பிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டி
வெறும் பெட்டியைக் கொக்கியில் மாட்டினான்:
ஐந்து கிலோ.
"லேய், இந்தப் பெட்டிக்காக்கும்
நான் டிக்கெட் எடுத்திருக்கேன்!"

நடைவழியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தான்.
தில்பகதூர் முட்டியால் அழுத்த
நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் ஓடியது.

திரைக்குத் திரும்பினேன்.
என் ராக்கெட்டிலும் பெட்டிதான் கனம்.
காலித் தொட்டியைக் கடைசிவரை சுமந்திருக்கிறேன்.

பெரிய எஞ்சினைக் கழற்றினேன்.
அடியில், மலிவான திட எரிபொருள்,
வேகம் அறுபது சதம் போதும்.
மேலே சுண்டைக்காய் எஞ்சின், சுண்டைக்காய்த் தொட்டி.
எண்ணினால் முப்பது.
சூரியத் தகடு முப்பத்தொன்று.

தகடில்லாவிட்டால் பாட்டரி நாற்பது நிமிடம்,
அப்புறம் அது மேலே போன வெறும் இரும்பு.
நிமிர்த்திப் பிடிக்கும் சக்கரத்தை எடுத்தேன்,
அந்த இடத்தில் தகட்டை ஒட்டினேன்,
ஒரு பக்கம் மட்டும்.

கிளம்பியது.
பத்தில் சாய்த்தேன், நாற்பதில் படுக்கவைத்தேன்.
எஞ்சின் அணைந்ததும் பிடிமானம் போய்
மெல்லத் தட்டாமாலை சுற்றியது.
உச்சி நெருங்குகிறது.
மூக்கு தெற்கே, தரைக்கு, மேற்கே.
அசர் பாங்கு கேட்கிறது.
பென்சிகர் கயிறை விட்டுவிட்டு வந்து நிற்கிறான்.
கிழக்கே வந்த நொடியில்
குழிக்குள் தீக்குச்சி.

அடி எழுபத்தொன்று!
தொட்டியில் நாலு சொட்டு மிச்சம்.

அது இப்போதும் சுற்றுகிறது.
தகடு வெயிலுக்கு வரும்போது பாட்டரிக் கோடு ஏறும்,
முதுகு காட்டும்போது இறங்கும்.
அதற்கு அது போதும்.

அட்டைப்பெட்டி இருபத்தொன்பது எண்ணூறு.
"இருநூறு கிராம் கெடக்கு,
ஒனக்கு ஏதாச்சும் குடுத்து விடணுமா?"
கோடாலித் தைலம் மூன்று புட்டி எடுத்துக் கொடுத்தேன்.
மறுபடி தூக்கினான்: முப்பது நூறு.
"நூறு கிராம்தானே,
கவுண்டர்ல பேசிக்கிடலாம்."

விளையாட்டில்
அப்படி ஒரு கவுண்டர் கிடையாது.