வலப்பக்கம் உடையும் கடல்

பிச்சிலெமுவில் எங்கள் அலைகள்
இடப்பக்கமாகவே உடையும்.
வலது காலை முன்வைத்து நிற்பவள் நான்.
ஏழு வயதிலிருந்து அலையின் முகத்தைப் பார்த்தபடியே
சறுக்கி ஓடியிருக்கிறேன்,
சண்டைக்காரியிடமிருந்து கண்ணை எடுக்காதவள் மாதிரி.

எரிசெய்ராவில் நான் இறங்கிய இடமெல்லாம் வலம்.
அலை முதுகுக்குப் பின்னால் எழுகிறது.
தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதற்குள்
தலையில் இறங்கிவிடுகிறது.
செப்டம்பர் முழுக்க நான் கண்டது
அடிமணலும்
நுரைக்குள் சுழலும் என் பலகையின் வாலும்தான்.

மொழியும் அப்படியே.
என் ஸ்பானியத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை,
பாதிச் சொல்லை மென்று விழுங்கிவிட்டு
மீதியைத் தருகிறாள்.
முதல் வாரம் வீட்டுக்காரி ஜாசிந்தா
கீரை மிதக்கும் சூப் வைத்தாள்.
எஸ்கிசீத்தோ, என்றேன்.
எங்கள் ஊரில் அதற்குத் தேவாமிர்தம் என்று அர்த்தம்.
இவர்கள் ஊரில், ஒரு மாதிரி இருக்கிறது என்று.
அவள் என் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள்.
பிறகு பூனையை ஒரு பார்வை பார்த்தாள்.

திங்கள் முதல் வியாழன் வரை லிஸ்பன்.
ஜன்னல் கண்ணாடியில் நெற்றி இடிக்க ஒரு மணி நேரப் பேருந்து.
கடலோரப் பொறியியல் வகுப்பில் பேராசிரியர் வாஸ்
அலையை நாலு கிரேக்க எழுத்துக்குள் அடக்குவார்.
உயரத்துக்கு, ஆழத்துக்கு, இடைவெளிக்கு எழுத்துண்டு.
எந்தக் காலை முன்வைப்பது என்பதற்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் தண்ணீரில் இருப்பேன்.
அங்கே எல்லோரும் வெறும் முகங்கள்,
கறுப்பு ரப்பர் குல்லாய்க்குள் வட்டம் வட்டமாக.
துவார்த்தே மீன் லாரி ஓட்டுகிறான்,
யார் அலையையும் பறிப்பான்,
பறித்த பின் கை தூக்கி மன்னிப்புக் கேட்பான்.
ஃபிலோமெனா பிரசவ வார்டில் இரவுப் பணி முடித்து
நேரே கடலுக்கு வருபவள்.
வந்ததும் கணக்குச் சொல்வாள்:
மூன்று. ஒன்று காலால் வந்தது.
அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டாள்.

நவம்பரில், மழை தூறிய அந்தக் காலையில்
என்ன மாறியது என்று தெரியவில்லை.
பின்னால் சுவர் ஏறுகிற ஓசையை
முதுகு கேட்டது.
முழங்கால் தாழ்ந்தது, இடுப்பு தானாகத் திரும்பியது,
வலது கை முன்னே எதையோ தேடி நீண்டது,
அலை என்னைத் தள்ளாமல்
கூடவே வந்தது.
பத்து விநாடி இருக்கும்.
ஆறு, என்றான் துவார்த்தே.
துடுப்புக் கைகளோடு திரும்பி வந்தபோது
ஃபிலோமெனா கண்ணைத் தொடுவானத்திலேயே வைத்துக்கொண்டு
நாலு, என்றாள்.
இதுவும் காலால்தான்.
புரிவதற்கு எனக்கு
இரண்டு அலைகள் பிடித்தன.

ஊரில் அப்போது கோடை.
தம்பி ஸ்ட்ராபெரிப் படம் அனுப்புவான்,
நான் ரப்பர் உடைக்குள் கொதிநீர் ஊற்றும் படம் அனுப்புவேன்.

ஜனவரியில் தேர்வு.
அன்று காலையும் கடல் நன்றாக இருந்தது, என்ன செய்ய.
மூன்றாம் கேள்விக்குக் குனிந்தேன்.
எச்சரிக்கையே இல்லாமல் மூக்கிலிருந்து
ஒரு மடக்குக் கடல்
விடைத்தாளில் கொட்டியது.
மை கரைந்து அலைநீளம்
அடுத்த வரிக்கும் பரவியது.
அழுகிறேன் என்று நினைத்த கண்காணிப்பாளர்
ஓசைப்படாமல் ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டுப் போனார்.
இல்லை, இது அட்லாண்டிக், என்று சொல்லத்
தெரிந்துதான் இருந்தது.
சொல்லவில்லை. துடைத்துக்கொண்டேன்.
இருபதுக்குப் பதினொன்று.

சாண்டியாகோ விமான நிலையத்தில்
விதை உண்டா, பழம் உண்டா, மண் உண்டா என்றார்கள்.
எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.
அதிகாரி என் ரப்பர்க் காலுறையைக் கவிழ்த்தார்.
மேசையில் ஒரு தேக்கரண்டி மணல்.
உறையில் போட்டு, ஒட்டி,
என் பெயரை எழுதி அவரே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சிலெமுவில் இறங்கினேன்.
இடப்பக்கம் உடையும் அலை,
வலது கால் முன்னே, எல்லாம் பழையபடி.
இத்தனை நேரம்
அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.