இரண்டு முறை வந்த இரண்டு மணி

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
லின்ஸ் நகரம் தூங்கிக்கொண்டிருக்கையில்
மூன்றாக வேண்டிய கடிகாரம்
திரும்பி நடந்து
மறுபடி இரண்டானது.

நான் அதைப் பார்க்கவில்லை.
ஹோட்டலில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒன்பதுக்கு வருவேன், ஐந்துக்குக் கிளம்புவேன்.
எனக்கு அந்த ஒரு மணி
தலையணையின் குளிர்ந்த பக்கம்,
அவ்வளவுதான்.

திங்கள் காலை என் மேசையில்
பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்று.
பின்புறம் ஸ்தென்காவின் சாய்ந்த எழுத்து:
"இரண்டு முதல் மூன்று வரை.
மறுபடியும் இரண்டு முதல் மூன்று வரை.
எனக்கும் பெஸ்னிக்குக்கும் ஓட்மாருக்கும்
இரண்டுக்கும் இரவுப்படி வேண்டும்."

பதிந்தேன்.
கணினி சிவப்பில் சொன்னது:
இந்த நேரம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.
ஒரே ஆள் ஒரே நேரத்தில்
இருமுறை வேலை செய்ய முடியாதாம்.

முடியும்.
முதல் இரண்டு மணியில் பெஸ்னிக்
கல்யாண விருந்தின் நூற்றுப்பத்துத் தட்டுகளைக் கழுவினான்.
இரண்டாவது இரண்டு மணியில்
அடிபிடித்த அண்டாவுக்குள்
தோள்வரை இறங்கியிருந்தான்.
ஸ்தென்கா
சாவியைத் தொலைத்த மாப்பிள்ளைத் தோழனுக்கு
முதல் முறை கதவைத் திறந்துவிட்டாள்,
இரண்டாம் முறை வாளி கொண்டுபோய்க் கொடுத்தாள்.
ஓட்மாரின் புளித்த மாவு மட்டும்
எந்த அரசாணைக்கும் காத்திராமல்
தன் கணக்குக்குப் பொங்கியது.
ரொட்டிகள் ஒரு மணி முன்னதாகவே வெந்து
ஆள் வராத மேசைகளில்
ஆறிக்கொண்டிருந்தன.

மேலாளர் வின்டிஷ் சிரித்தார்.
"மார்ச்சில் ஒரு மணி குறைத்துத்தானே உழைத்தார்கள்?
போனது வந்தது, கணக்கு நேர்."

மார்ச் மாதக் கோப்பை எடுத்தேன்.
இரண்டு மணி வராமலே மூன்று வந்த அந்த இரவில்
ஒரு மணிக் கூலியை
யாரையும் கேட்காமல் வெட்டியிருந்தது
இதே கணினி.
அன்றைக்கு அதற்குச் சிவப்பு மை கிடைக்கவில்லை.
கீழே கையெழுத்து
என்னுடையது.

நாங்கள் விற்பதே இரவைத்தான்.
அறை முந்நூற்றுப் பதினான்கு, ஓர் இரவு,
நூற்று முப்பத்தொன்பது யூரோ: வரவு.
அதே இரவு, அதே கூரைக்குக் கீழ்,
மணிக்கு இரண்டு யூரோ சொச்சம்: பற்று.
ஒரே சரக்கை வாங்குவது ஒரு படியால்,
விற்பது இன்னொரு படியால்.
இருபது வருடமாக
இரண்டு பத்திகளையும் நான்தான் கூட்டுகிறேன்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது
அன்றைக்குத்தான்.

மார்ச் கோப்பை வின்டிஷின் மேசையில் விரித்து வைத்தேன்.
ஒன்றும் பேசவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.
"சரி, அந்தப் படியைக் கொடுத்துத் தொலை."

கணினி கடைசிவரை இணங்கவில்லை.
மூன்று பேருக்கும் காகிதத்தில் எழுதினேன்,
பேனாவால், முத்திரை குத்தி.
பெஸ்னிக் பெயரின் கடைசி எழுத்து
கொஞ்சம் கசிந்துவிட்டது.
அன்று மாலை டிராமில் போகையில்
யாரோ தட்டிக்கொடுத்தது போல
நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மேசையில்
இன்னொரு அட்டை.
நடுவில் கோப்பை வைத்த ஈர வளையம்.
அதைச் சுற்றி, இடமில்லாமல் வளைந்து வளைந்து
அதே சாய்ந்த எழுத்து:

"படி வந்தது, நன்றி.
அந்த ஒரு மணிக்கு
கூலி?"